எழுதாத பக்கங்கள்

வருஷந்தோறும் பரீட்சை முடிந்ததும் நம் குழந்தைகளின் நோட்டுப் புத்தகங்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகின்றன. அவற்றில் எத்தனையோ பக்கங்களில் ஓர் எழுத்துக்கூட இராது. "கரும்புச் சக்கையிலேயே காகிதம் செய்கிறார்களே, காட்டுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம்.

செய்வது வாஸ்தவந்தான். 1979-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய காகித ஆலை, கரூரை அடுத்த காகிதபுரத்தில் சக்கையைக் கொண்டு காகிதம் செய்துவருகிறது. ஒரு டன் கரும்பை ஆட்டினால் ஏறக்குறைய 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். ஆனால் அது வெறும் குப்பை அன்று. சர்க்கரை ஆலைக் கொதிகலனுக்கு அதுவே விறகு. அதை எடுத்துக்கொண்டால் நிலக்கரி முதலிய வேறு எரிபொருளைக் கொடுத்தாக வேண்டும். தைல மரமும் சவுக்கும்கூட அந்த ஆலைக்குத் தேவைப்படுகின்றன.

பழைய காகிதத்தை மீண்டும் கூழாக்கலாமே எனில், ஒவ்வொரு தடவையும் நார் குறுகி வலுவிழக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஆகவே, மரத்துக்கும் நெருப்புக்கும் செலவு வைக்காத காகிதம், நாம் வாங்காமல் விட்ட காகிதம் ஒன்றே. இந்தக் கோடை விடுமுறையில் வெற்றுப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, குழந்தைகளைக் கொண்டே ஊசி நூலால் தைக்கச் செய்வோம். பள்ளி திறந்ததும் கணக்குப் போட்டுப் பார்க்க அவை உதவும். சிக்கனமும் காட்டின்மீது பரிவும் ஒரே பாடமாக அவர்கள் மனத்தில் பதியுமல்லவா?