சத்தம் போடாத 45 லட்சம் ரூபாய் கார்! காஞ்சீபுரம் தெருவுக்கு வந்தால்...?

காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் போய்ப் பாருங்கள். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்கும். ஆட்டோ, பஸ், தள்ளுவண்டி, நடுவில் மாடு! அந்த நெரிசலில் துளிச் சத்தமும் இல்லாமல் ஒரு கார் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால்?

இது ஏதோ சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட கார் நம்ம மாவட்டத்திலேயே பூட்டப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையில்தான்! காரின் பெயர் "அயோனிக் 5". பெட்ரோல், டீசல் எதுவும் வேண்டாம். எல்லாம் கரண்டுதான்.

2023 ஜனவரியில் டெல்லி பக்கம் நடந்த மோட்டார் கண்காட்சியில் இதன் விலையை அறிவித்தார்கள். முதல் 500 பேருக்கு ரூ.44 லட்சத்து 95 ஆயிரம். ஒரு பட்டுச்சேலை 45 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 சேலை எடுக்கலாம்!

கட்டம் கட்டமாக விளக்கு

அப்படி என்ன இருக்கிறது இந்தக் காரில்?

முன் விளக்கும் பின் விளக்கும் சின்னச் சின்ன சதுரங்கள். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைவார் அல்லவா? அதே மாதிரி! கதவின் கைப்பிடி ஓடும்போது உள்ளே பதுங்கிக்கொள்ளும். பூட்டைத் திறந்தால்தான் எட்டிப் பார்க்கும்.

உருவம் புதுசு போலத் தெரிந்தாலும் மூலம் பழசு. 1974-ம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரக் கண்காட்சிக்காக ஜியுஜியாரோ என்ற பெயர்பெற்ற இத்தாலியக் கலைஞர் ஹூண்டாய்க்கு வரைந்து கொடுத்த "போனி" காரின் வெட்டுக்கோடுகளைத்தான் திரும்ப எடுத்திருக்கிறார்கள். 2022-ல் உலகின் சிறந்த கார் என்ற விருதும் இதற்குக் கிடைத்தது.

நீளம் 15 அடிக்குக் கொஞ்சம் மேல். விரித்துப்போட்ட சேலையை விடக் குறைவுதான். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி! முன்னால் பெரிய என்ஜின் கிடையாது. பாட்டரி முழுவதும் காரின் அடியில் பலகை மாதிரி படுத்திருக்கிறது. அதனால் சக்கரங்களை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளே தரை சமமாக இருக்கும், காலை நீட்டிக்கொள்ளலாம். சின்னச் சந்தில் திருப்புகிற டிரைவருக்கு மட்டும்தான் இந்த 3 மீட்டர் தொல்லை. அகலம் வேறு 6 அடி 2 அங்குலம்!

உள்ளே துணிகளில் பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த நூல் கலந்திருக்கிறது. பட்டு இல்லை.

இலவச கரண்டு எத்தனை நாள்?

பாட்டரி பிடிக்கும் கரண்டு 72.6 யூனிட். ஒருமுறை நிரப்பினால் 631 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. ரோட்டில் அவ்வளவு கிடைக்காது. அதிவேக சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற 18 நிமிஷம் போதும் என்கிறார்கள். அந்த மாதிரி சார்ஜர் இருக்கிற இடத்தில்தான்! வீட்டில் 11 கிலோவாட் சார்ஜர் போட்டால் ஏறக்குறைய 7 மணி நேரம்.

கைத்தறி நெசவாளிக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச கரண்டை 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தினார்கள். இந்தக் காரை நாலு தடவை நிரப்பினால் அது காலி! இன்னொரு சங்கதியும் உண்டு. காரிலிருந்து கரண்டை வெளியே எடுக்கலாம். கரண்டு கட்டானால் மிக்சி, ஃபேன் எல்லாம் காரிலேயே மாட்டி ஓட்டலாம்.

ஆபத்து எங்கே?

விபத்துச் செய்தி எழுதுகிற நமக்கு உறுத்துவது சத்தம்தான். மின்சாரக் கார் வேகமாகப் போனால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்கும். மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் ஒன்றும் கேட்காது. கோயில் சன்னதி தெருவில் எந்தக் காரும் ஊர்ந்துதானே போகும்?

பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவிலேயே பாவை நீட்டிக் கட்டி வேலை செய்வார்கள். கண் இழை மேல் இருக்கும். வண்டி வருவதைக் காதுதான் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர்கள், திண்ணையிலிருந்து இறங்கி ஓடும் குழந்தைகள் நிலைமையும் அதுதான். இரண்டு டன்னுக்குப் பக்கம் எடையுள்ள வண்டி இது. லேசாக இடித்தாலே போதும்.

இதைத் தெரிந்துதான் அயோனிக் காரில் ஒரு செயற்கைச் சத்தம் வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது ஒலிபெருக்கி மூலம் லேசாக இரையும். ஐரோப்பாவில் 2021 முதல் புதிதாக விற்கும் எல்லா மின்சாரக் கார்களுக்கும் இது கட்டாயம். இந்தியாவில்? 2025 செப்டம்பரில்தான் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. புது மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1 முதல், ஏற்கனவே உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதல் என்று அதில் யோசனை சொல்லப்பட்டது.

அந்த வரைவு கார், பஸ், லாரி வகைகளுக்குத்தான். ராஜவீதிகளில் சந்துபொந்தெல்லாம் புகுந்து வரும் பாட்டரி ஸ்கூட்டர்கள் அதில் சேரவில்லை.