காஞ்சிபுரத்துல வீடு வாங்கப் போறீங்களா? அடிமனை யாரோடதுன்னு முதல்ல பாருங்க

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை. சென்னையில வீட்டு விலையைக் கேட்டாலே தலை சுத்துது. அதனால "காஞ்சிபுரத்துல பார்த்துடலாமே"ன்னு யோசிக்கிறீங்க. நல்ல யோசனைதான். ஆனா இந்த ஊர்ல வீடு வாங்குறவங்க முதல்ல பார்க்க வேண்டியது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் இல்லை, வீட்டுக்கு அடியில இருக்கிற மண்ணை.

ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள், காமாட்சியம்மன்னு பெரிய பெரிய கோயில்கள் இருக்கிற ஊர் இது. இந்த மாதிரி கோயில் ஊர்கள்ல வீடு ஒருத்தரோடதா இருக்கும், அடிமனை கோயிலோடதா இருக்கும். தலைமுறை தலைமுறையா அங்கேயே தறி போட்டு, கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டிட்டு வாழ்ந்திருப்பாங்க. அது தப்பே இல்லை. அந்த இடத்தை முழுச் சொத்து மாதிரி உங்ககிட்ட விலை பேசும்போதுதான் பிரச்சினை. "நாப்பது வருஷமா இங்கதான் இருக்கோம், வீட்டு வரி ரசீது இருக்கு, இ.பி. கார்டு இருக்கு"ன்னு சொல்வாங்க. எல்லாம் உண்மையாவே இருக்கலாம். ஆனா அது எதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது.

சட்டம் இதுல ரொம்பத் தெளிவா இருக்கு. 1959-ஆம் வருஷ இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம் 34-வது பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாம கோயில் சொத்தை வித்தா அந்த விற்பனையே செல்லாது. 109-வது பிரிவுப்படி, எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அனுபவ பாத்தியம்னு சொல்லி கோயில் நிலத்தைச் சொந்தமாக்கிக்க முடியாது. ஆக்கிரமிப்புன்னு முடிவானா 78-வது பிரிவுல காலி பண்ண வைப்பாங்க. உங்க இ.எம்.ஐ. மட்டும் நிக்காது.

"அதான் பத்திரப் பதிவு ஆகுதே சார்"னு கேட்கலாம். கோயில் நிலத்தைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு இருக்கு. ஆனாலும் பழைய பத்திரங்கள் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. பதிவுன்னா அரசாங்கம் தர்ற உரிமை உத்தரவாதம் இல்லை. வித்தவருக்கு இருந்த உரிமை எவ்வளவோ, அவ்வளவுதான் உங்களுக்கு வரும். வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவான ஆவணம் மட்டும்தான் அதுல தெரியும். பதிவாகாத உயில், பங்கு கேட்காம விட்ட அத்தை, நடந்துட்டிருக்கிற கேஸ் இதெல்லாம் அதுல வரணும்னு அவசியம் இல்லை.

அதனால வில்லங்கம் மட்டும் பார்க்காம, இ-சர்வீஸ் தளத்துல பட்டாவையும் அ-பதிவேட்டையும் பாருங்க. டவுனுக்குள்ளன்னா டவுன் சர்வே பதிவேடு. உரிமையாளர் இடத்துல கோயில் பேரோ தேவஸ்தானம்னோ இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. அறநிலையத்துறை இணையதளத்துலயும் கோயில் நிலப் பட்டியல் இருக்கு. சந்தேகம்னா சர்வே நம்பரோட கோயில் செயல் அலுவலருக்கு ஒரு மனு கொடுங்க.

ஊருக்கு வெளியே கதை வேற. அங்க பிரச்சினை அங்கீகாரம் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனையா இருந்தா மறுபடி பதிவு ஆகலாம். ஆனா வரன்முறை பண்ணலைன்னா கட்டட அனுமதியும் கிடைக்காது, பேங்க் லோனும் கஷ்டம். டி.டி.சி.பி. அங்கீகார எண்ணை வாங்கி நீங்களே சரிபாருங்க, நோட்டீஸ்ல அச்சடிச்சதை நம்பாதீங்க. பரந்தூர் ஏர்போர்ட்டைக் காட்டி விக்கிறவங்ககிட்ட ஒரே கேள்வி போதும்: இந்த சர்வே நம்பர் கையகப்படுத்துற கிராமங்களுக்குள்ள வருதா?

இப்ப பணம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி லோன் அதிகபட்சம் 80%, அதாவது 32 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 3.6 லட்சம். இதை லோன் கணக்குல சேர்க்க மாட்டாங்க. ஆக, கையில 11.6 லட்சம் வேணும். வக்கீல் ஃபீஸ், பெயின்ட், கர்ட்டன் எல்லாம் தனி. பலர் இந்த இடத்துலதான் பர்சனல் லோன் போட்டு மாட்டிக்கிறாங்க. 32 லட்சத்துக்கு 8.5% வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. கிட்டத்தட்ட 27,800. கையில 55,000 வாங்குறவருக்குப் பாதிச் சம்பளம். என்னைக் கேட்டா, 40%-ஐத் தாண்டினா சின்ன வீடு பாருங்க, இல்லைன்னா ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்க.

பேங்க் வக்கீல் பார்த்துட்டாரேன்னு விடாதீங்க. அவர் பார்க்கிறது பேங்க்கோட பணத்துக்கு. உங்களுக்குன்னு ஒரு வக்கீலை வெச்சு, குறைஞ்சது 30 வருஷ மூலப் பத்திரங்களைக் காட்டுங்க. தரகர் "இன்னைக்கே டோக்கன் போடுங்க, நாளைக்கு வேற பார்ட்டி வருது"ன்னு அவசரப்படுத்துவார். போனா போகட்டும். தமிழ்நாட்டுல விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்றது கட்டாயம். அதுலயே "உரிமையில குறை இருந்தாலோ, வங்கி கடன் மறுத்தாலோ முன்பணம் முழுசும் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க. அந்த வரிக்கு எதிர்த்தரப்பு எப்படி முழிக்கிறாங்கன்னும் பாருங்க.