வீட்டு கேட்டுக்கு நேராக மின்கம்பம்: மாற்றுவது எப்படி, செலவு யாருடையது?

"வீடு கட்டி முடிச்சாச்சு, காரும் வாங்கியாச்சு. ஆனா கேட்டுக்கு நேரா கரன்ட் கம்பம் நிக்குதே!" - தமிழகத்தின் புறநகர்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கம்பத்தை மாற்ற வழி உண்டு. யார் செலவு என்பது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

பொதுத் தெருவில் நின்றால்?

அது மின்வாரியத்தின் சொத்து. வீட்டுக்காரரின் வசதிக்காக நகர்த்தினால், செலவும் அவருடையதே. பகுதிக்கான பிரிவு அலுவலகத்தில், உதவிப் பொறியாளரிடம் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். மின் இணைப்பு எண், கம்பத்தின் போட்டோ, மாற்று இடத்தைக் காட்டும் எளிய வரைபடம் ஆகியவற்றை இணைப்பது நல்லது.

பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு எஸ்டிமேட் போடுவார். தளவாடம், ஆள்கூலி, மேற்பார்வைக் கட்டணம், வரி எல்லாம் அதில் சேரும். எல்லாக் கம்பத்துக்கும் ஒரே தொகை கிடையாது. வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிகளைவிட, 11 ஆயிரம் வோல்ட் பாதையை மாற்றச் செலவு கூடும். ஸ்டே கம்பி மட்டும்தான் இடைஞ்சல் என்றால், அதை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பணத்தை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். "கையில கொடுத்தா நாளைக்கே முடிச்சிடலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். 2018-ல் வந்த சட்டத் திருத்தப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்.

சிக்கல் எங்கே வரும்?

புதிய இடத்தில்தான். உங்கள் வாசலை விட்டு நகரும் கம்பம், பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனால் தகராறு நிச்சயம். இரு மனைகளின் பொது எல்லைக்கு நேராக இடம் கேட்பது நல்லது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, அவரது சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டால் வேலை தடைபடாது.

சொந்த மனைக்குள் நின்றால்?

2006-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, தனியார் நிலத்தில் கம்பம் நட உரிமையாளரின் முன் சம்மதம் தேவை. அவர் மறுத்தால், மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே நட்ட கம்பத்தையும், தகுந்த காரணம் காட்டினால், அகற்றவோ மாற்றவோ உத்தரவிட இவர்களுக்கு அதிகாரம் உண்டு. மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவில் தனி அதிகாரம் பெற்ற பாதைகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

மனுவுக்குப் பதில் இல்லையா? 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் பதியலாம். அடுத்து மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் பிறகு மின்குறை தீர்ப்பாளர்.

செய்யக் கூடாதவை

கம்பத்தின் நீளத்தில் சுமார் 6-ல் ஒரு பங்குதான் மண்ணுக்குள் இருக்கும். சாய்தளம் போடவோ கால்வாய் வெட்டவோ அடியில் தோண்டினால் கம்பம் சாயலாம். ஸ்டே கம்பியை அவிழ்ப்பதும் அதே அளவு ஆபத்து. "தனியார் எலக்ட்ரீஷியனை வைத்து நகர்த்திடலாம்" என்ற யோசனையே வேண்டாம். அது உயிரோடு விளையாட்டு.

மனை வாங்கும்போதே கம்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் கேட்டை நாலடி தள்ளிப் போடப் பணம் செலவாகாது. கட்டி முடித்த பிறகு கம்பத்தை நாலடி தள்ளத்தான் பணமும் அலைச்சலும்.