தறி நிற்காமல் பயிற்சி கிடைக்குமா?

எங்கள் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். தார் சுற்றித் தருவது நான். ஆட்டிசம் உள்ள எங்கள் ஏழு வயது மகனைப் பேச்சுப் பயிற்சிக்கு ஆரணியிலிருந்து வெளியூர் கூட்டிப் போனால், அன்று தறி வேலை பாதியில் நிற்கும், கூலியும் குறையும்.

பஸ் ஹாரன் சத்தம் தாங்காமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். "பிள்ளையை வளர்க்கத் தெரியல" என்று ஒரு அம்மாள் சொன்னது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. இது வளர்ப்புக் குறையல்ல சகோதரிகளே, மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. அரசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால், நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' திட்டத்தில் சேர்ந்து 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். எனக்கே இது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிந்தது.

ஆனால் காப்பீடு இருந்தும், பயிற்சிக்கு ஊர் ஊராக அலைந்தால் என்ன பயன்? வாரம் ஒரு நாளாவது உள்ளூரிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்க நாங்கள் ஐந்து தாய்மார்கள் சேர்ந்திருக்கிறோம். வீட்டுக்குள் அழுதது போதும், நீங்களும் வாங்க!

- ஒரு வாசகி, ஆரணி.