வைக்கோலில் விளையும் வருமானம்

2015-இல் ஐ.நா. சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றபோது, தொழில் துறைக்கும் அவற்றில் பங்கு உண்டு என்றது. புதுச்சேரிக் கிராமங்கள் நிலைத்த வளர்ச்சிக்கான வேலையை முன்பே தொடங்கியிருந்தன.

1991-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே உயிரி கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சேர்ந்த ஊர்களில் ஒன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். நிலமில்லாத பெண்களுக்கு உதவித்தொகை தராமல், சொந்தத் தொழில் கற்றுத்தந்தார்கள்.

சிப்பிக்காளான் அப்படி வந்ததுதான். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் பதமாக ஆறவிட வேண்டும். பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஓர் அடுக்கு என நிரப்பி, குளிர்ச்சியான குடிலில் தொங்கவிட்டால் மூன்று வாரத்தில் துளைகள் வழியே மொட்டு எட்டிப் பார்க்கும். மீந்த வைக்கோல் எருவாகும். பாகூர், வில்லியனூர் போன்ற நெல் விளையும் பகுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் ஏது?

சிக்கல் விற்பனையில். பறித்த காளான் வெளியில் வைத்தால் ஓரிரு நாள்கூடத் தாங்காது. வாங்குபவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இங்கேதான் தொழில் நிறுவனங்கள் உதவ முடியும்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணம் தேவைதான். ஆனால் சேதராப்பட்டு தொழிற்பேட்டை கேன்டீன்கள் பக்கத்து ஊர் மகளிர் குழுக்களிடம் தினமும் காளானும் காய்கறியும் வாங்கினால், அதற்குச் சட்டமே தேவையில்லை. ஒரு கொள்முதல் ஆணை போதும்.