எதிரே உட்கார்ந்தவர்கள்

சித்தப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு சுருக்குப் பை இருக்கிறது. உள்ளே அம்மன் காசுகள். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். 320 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அந்தக் காசுக்குக் கடைத்தெருவில் வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் தாத்தா அதைச் சீட்டாட்டத்துக்குக் கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி, இழவு வீட்டில் விடியும் வரை, ஜமுக்காளத்தில் நாலைந்து பேர் வட்டமாக உட்காரும்போது புள்ளிக் கணக்குக்கு அம்மன் காசு. அது இல்லாத வீட்டில் புளியங்கொட்டை.

ரேஷன் கார்டு விண்ணப்பத்திலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் தொழில் என்று கேட்ட இடத்தில் சித்தப்பா 'விவசாயம்' என்றே எழுதினார். பொன்னமராவதிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமி இருந்தது உண்மைதான். ஆனால் 1980களில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு அரிசியும் மளிகையும் வந்தது ரம்மியில். சாயங்காலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி இட்டுக்கொண்டு மனமகிழ் மன்றத்துக்குப் புறப்படுவார். தெருவில் யாராவது கேட்டால் சித்தி, "வேலைக்குப் போயிருக்காக" என்பாள்.

சீட்டு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. தைலமரக்காட்டுக்குள்ளோ கண்மாய்க்கரைக் கருவேலமரங்களுக்கு நடுவிலோ பணம் வைத்து ஆடியவர்கள் கைது, 52 சீட்டும் ரொக்கமும் பறிமுதல் என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும். அங்கே ஆடப்படுவது பெரும்பாலும் வெட்டுச் சீட்டு. மங்காத்தா, உள்ளே வெளியே என்று ஊருக்கு ஒரு பெயர். சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் காசு. மூளைக்கு அங்கே வேலை கிடையாது. சித்தப்பா அதைத் தொட்டதே இல்லை. இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் புகுந்த வழக்கு அது. மூன்று சீட்டு அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தெரிய வேண்டும், எனவே அது பெரும்பகுதி திறமை என்று தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டு மன்றங்கள் பலவும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தன.

ரம்மிக்கு 13 சீட்டு, இரண்டு கட்டு. ஜோக்கர் இல்லாமல் ஒரு ஒரிஜினல், அதாவது ஒரே இனத்தின் தொடர்ச்சீட்டு வரிசை, சேர்ந்தாக வேண்டும். சேராமல் எதிராளி டிக்ளேர் செய்துவிட்டால் ஃபுல், 80 பாயின்ட். கையைப் பார்த்ததும் 'ஸ்கூட்' சொல்லிக் கவிழ்த்துவிட்டால் 20 மட்டும். நடுவில் விலகினால் 40. சித்தப்பாவின் பிழைப்பு முழுவதும் இந்த 20க்கும் 80க்கும் இடையில் இருந்தது. பத்துக் கையில் ஐந்தாறைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்றிலை போடுவார். "சீட்டு வர்றது சாமி கையில. போடுறது நம்ம கையில" என்பார். மற்றவர்கள் மூன்றாவது முறையாக ஸ்கூட் சொல்ல வெட்கப்பட்டு ஆடுவார்கள். அந்த வெட்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலைதான் எங்கள் வீட்டு அரிசி.

தாத்தா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த வீடு என்பதால் சித்தப்பாவும் கணக்கு எழுதினார். தேதி, வந்தது, போனது, எதிரே யார். நீளமான பழைய டைரிகள், மை மங்கிப்போய் இப்போதும் இருக்கின்றன. பாயின்டுக்கு 25 பைசா காலத்தில் தொடங்கி 5 ரூபாய் வரை போகிறது கணக்கு. தொடர்ந்து ஆறு வாரம் 'போனது' மட்டும் நிரம்பிய பக்கங்களும் உண்டு. அந்த வாரங்களில் சித்தியின் தோடு அடகுக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மன்றத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒருநாள் சித்தப்பாவைக் கூப்பிடப் போயிருந்தேன். ஒருவர் தோற்றுக்கொண்டே இருந்தார். செயலாளர் அவர் தோளில் கை வைத்து, "ஏம்ப்பா, நாளைக்குக் கடலை விதைக்கணும்னு சொன்னியே, அந்தக் காசா இது? எந்திரி" என்றார். அந்த மனிதர் முனகிக்கொண்டே எழுந்து சைக்கிளை எடுத்தார். எல்லா ராத்திரியும் இப்படி நடந்ததில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. மன்றத்து வாசலில் கைக்குழந்தையோடு வந்து நின்ற பெண்களும் உண்டு. சித்தி கடைசி வரை அந்தப் பணத்தைச் சம்பாத்தியம் என்று சொன்னதில்லை. "யாரோ ஒருத்தி அழுத காசு" என்பாள். அவள் சொன்னது சரி. சீட்டு மேசையில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குப் போகிறது, அவ்வளவுதான். சித்தப்பாவின் திறமையை நான் மதிக்கிறேன். அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் சித்தியின் அந்த வாக்கியமும் கூட வருகிறது.

இனி, என் அக்காள் மகன். திருச்சியில் பொறியியல் படித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தவன். 2020 ஊரடங்கில் போக்கர் கற்றுக்கொண்டான். இரண்டு வருஷத்தில் வேலையை விட்டான். டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, நாலு சுற்றுப் பந்தயம். முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஆஸ் சோடி 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான். அவனும் பெரும்பாலான கைகளைக் கவிழ்த்து ஃபோல்ட் செய்கிறவன்தான். டைரிக்குப் பதில் எக்செல். சித்தப்பா அனுபவத்தில் கண்டதை அவன் 'சால்வர்' என்ற மென்பொருளில் இரவெல்லாம் படித்தான்: இந்த இடத்தில், இந்தக் கையோடு, நூற்றுக்கு எத்தனை தடவை பணத்தை ஏற்ற வேண்டும் என்று அது சொல்லும். சொந்தப் பணத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் எந்த மேசையிலும் வைப்பதில்லை, இத்தனை போனால் எழுந்துவிடுவது என்று தனக்கே சட்டம் போட்டிருந்தான். அந்தச் சட்டத்தை மீறாதவர்களே இந்தத் தொழிலில் நிற்கிறார்கள். அவர்கள் மிகச் சிலர்.

பெரிய மேசைகளின் உலகம் இதற்கும் மேலே. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி நுழைந்து லாஸ் வேகாஸின் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரில் 25 லட்சம் டாலர் வென்றார். உலகமெங்கும் ஆட்டம் பரவியது அதன்பின். 2018இல் அதே தொடரில் ஒரு பட்டம் வென்றார் இந்தியரான நிகிதா லூதர். 2024இல் இன்னோர் இந்தியரான சந்தோஷ் சுவர்ணா, நுழைவுத் தொகையே இரண்டரை லட்சம் டாலர், அதாவது ஏறத்தாழ 2 கோடி ரூபாய் கொண்ட போட்டியில் ஜெயித்து 54 லட்சம் டாலர் பெற்றார். இந்த உயரத்தில் ஆடுகிற பலர் மொத்தப் பணத்தையும் தாமே போடுவதில்லை. ஆட்டத்துக்கு முன்பே தம்மில் பங்கு விற்றுவிடுகிறார்கள். ஜெயித்தால் பங்குக்காரர்களுக்கும் பிரித்துத் தர வேண்டும். இதைக் கேட்ட சித்தப்பா, "ரங்கூனுக்குப் போன செட்டியார் கடை மாதிரில்ல இருக்கு" என்றார்.

அவனுக்கும் சித்தப்பாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம். மேசையில் உட்கார்ந்து போக்கர் ஆடினால் மணிக்கு 30 கை வரலாம். அவன் திரையில் ஒரே நேரத்தில் நாலு மேசை; மணிக்கு 250 கைக்கு மேல். சித்தப்பா ஒரு வருஷம் முழுக்க ஆடியதை அவன் சில நாட்களில் ஆடி முடிப்பான். அதே வேகத்தில்தான் எதிரே இருப்பவர்களும் தோற்றார்கள். அவர்கள் எங்கே இருந்தார்கள்? அறந்தாங்கியில் கடையடைத்துவிட்டுப் படுத்தவராக இருக்கலாம், கீரனூர்ப் பேருந்தில் வந்துகொண்டிருந்தவராக இருக்கலாம். பக்கத்தில் மனைவி தூங்குவாள். போர்வைக்குள் கைப்பேசி ஒளிரும். எழுந்திரு என்று சொல்ல ஒரு செயலாளர் அங்கே கிடையாது. கடன் செயலியும் அதே கைப்பேசியில் இருந்தது.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2020 நவம்பரில் தடைக்கான அவசரச் சட்டம். அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் பேரவை மறுபடி மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. 1967இன் நிழல் இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகள். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், எவ்வளவு நேரமாக ஆடுகிறீர்கள் என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்க வேண்டும். தோளில் கை வைத்து 'எந்திரி' என்று அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் சொன்னதை, ஓர் அரசு விதியாக எழுதிப் பார்த்திருக்கிறது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அந்த விதிகள் செல்லும் என்றது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. செயலிகள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின.

அக்காள் மகனின் தொழில் அதற்கு முன்பே இளைத்திருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஜெயித்த தொகையில் 30 சதவீதம் வரிப் பிடித்தம். அக்டோபரிலிருந்து கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி. அதற்கும் மேல் ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத் தொகையிலும் செயலி எடுத்துக்கொண்ட 'ரேக்' என்ற பங்கு. கூட ஆடியவர்களில் சிலர் கோவா காசினோக்களுக்கும் வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் போகிறார்கள். அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். பயோடேட்டாவில் மூன்று வருஷ இடைவெளிக்கு என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டான். சித்தப்பாவுக்கு 'விவசாயம்' இருந்தது. இவனுக்கு நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பொங்கலுக்கு வந்தவன் திண்ணையில் சித்தப்பாவுக்கு ஹோல்டெம் சொல்லிக் கொடுத்தான். சுருக்குப் பை வெளியே வந்தது. அம்மன் காசை ஆளுக்கு ஐம்பதாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் சித்தப்பா பக்கம் எண்பதுக்கு மேல் சேர்ந்திருந்தது. அவன் நம்ப முடியாமல் பார்த்தான்.

"எப்புடி தாத்தா?"

"நல்ல சீட்டு வந்தா நீ மூச்சை உள்ள இழுக்குறப்பா. வராட்டி உடனே காசைத் தொடுற."

அவன் லட்சக்கணக்கான கை ஆடியவன். இத்தனை வருஷத்தில் யாரும் அவன் முகத்தைப் பார்த்து ஆடியதில்லை. "நான் யாருகூட விளையாடினேன்னே எனக்குத் தெரியாது தாத்தா. திரையில பேரு வரும். அதுவும் அவங்களா வச்சுக்கிட்ட பேரு" என்றான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு எல்லாரையும் தெரியும்." விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். காரையூர்த் தையல்காரர். லாரி ஓட்டினவர், இரண்டு மகள்கள். கடலை வியாபாரி, அவர் இறந்தபோது சித்தப்பா போய் மாலை போட்டார், அந்த வீட்டுப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாவது விரலில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "மணி பத்தாச்சு. போதும், எந்திரிங்க."

சித்தப்பா காசுகளைப் பைக்குள் அள்ளினார். அவன் கையில் இருந்த இரண்டு சீட்டையும் கவிழ்த்து ஜமுக்காளத்தில் வைத்தான். என்ன சீட்டு என்று அவர் கேட்கவில்லை.