கணக்கும் ஒரு விளையாட்டே

கணக்கென்றால் அஞ்சுவோர் உங்களுள் பலர். எண்களோடு விளையாடியே புகழெய்திய ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் மகாராட்டிர மாநிலத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய கப்ரேக்கர் (1905–1986). 1949இல் அவர் கண்ட விந்தையைக் கேளுங்கள்.

நான்கு இலக்க எண் ஒன்றை எழுதுங்கள். நான்கும் ஒரே இலக்கமாய் இருத்தல் ஆகாது. அவ்விலக்கங்களை மாற்றியடுக்கி அமையும் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழியுங்கள். வரும் விடையையும் அவ்வாறே செய்யுங்கள். விடை மூன்று இலக்கமாயின் முன்னே 0 சேர்த்துக்கொள்க. 1234ஐ எடுத்துக்கொள்வோம்.

4321 − 1234 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இனி எத்தனை முறை கழித்தாலும் 6174 மாறாது. எவ்வெண்ணில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் இங்கேயே வந்து சேரும். மலாயா விடுதலை பெற்ற ஆண்டாகிய 1957ஐ நீங்களே செய்து பாருங்கள். ஆறாம் படியில் 6174 தோன்றும்.

முதுகலைப் பட்டம் பெறாத அவ்வாசிரியரை, 1975இல் அமெரிக்கப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது.

பெற்றோர்களே! இதற்கு வேண்டியவை ஒரு தாளும் பென்சிலுமே. ஏழு கழித்தல் கணக்குகளைக் கொடுத்தால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, 6174 வரும்வரை தானே கழித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் ஓர் எண்ணைக் கூறி, உடனமர்ந்து பாருங்கள். கணக்கச்சம் தானே அகலும்.